கூரத்தாழ்வான் விட்டவையும் பெற்றவையும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



சித்திரைத் திங்களில் திருமாலிருஞ்சோலை மலையினின்று அழகர் மதுரையம்பதிக்கு எழுந்தருளும் காட்சியைச் சேவிக்கவென்று நாடெங்கிலுமிருந்து அன்பர்கள் வந்து கூடுகின்றனர். சர்க்கரை நிறைந்த செம்பில் கற்பூரம் ஏற்றிக் கையில் ஏந்தி நிற்கும் தாய்மாரும், தோல் துருத்தியில் நீர் நிரப்பிப் பீய்ச்சும் அடியார்களும், நீர்மோரும் பானகமும் வழங்கும் தண்ணீர்ப் பந்தல்காரர்களும் ஆக வைகைக் கரையே ஒரு வைகுந்தமாய்த் தோன்றும். வழிநெடுக மண்டகப்படிகள். தல்லாகுளத்தில் எதிர்சேவை. பௌர்ணமியன்று திருவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக் களைந்த மாலையை அணிந்து ஆற்றில் இறங்குகின்ற வைபவம். அடுத்து வண்டியூர், அதன்பின் தேனூர் மண்டபத்தில் மண்டூக மகரிஷிக்குச் சாபவிமோசனம். இவையனைத்தும் அன்பர்கள் நன்கறிந்தவையே.

இங்குச் சற்றே நின்று சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. ஸுதபஸ் என்னும் முனிவர் நூபுர கங்கையில் நீராடுகையில், அங்கு வந்த துர்வாசரைக் கவனியாது இருந்தமையால் தவளையாகுமாறு சபிக்கப்பட்டார் என்பது தலபுராணம். அந்தத் தவளை வடிவிலிருந்த முனிவரைக் கரையேற்றுதற்பொருட்டு எம்பெருமான் தன் மலையை விட்டு, சோலையை விட்டு, கோயிலை விட்டு, இருபது கிலோமீட்டருக்கும் மேலாக வெயிலிலும் புழுதியிலும் எழுந்தருளுகிறான். உயர்ந்தவன் தன் உயர்வை விட்டு இறங்கினாலன்றித் தாழ்ந்தவன் உயர வழியில்லை என்பது இவ்விழாவின் உட்பொருளாகும். பெரியவன் சிறியவரோடு வேற்றுமையின்றிக் கலந்து பழகும் இக்குணத்தையே ஸௌசீல்யம் என்று நம் பூர்வாசார்யர்கள் போற்றினர்.

இக்குணம் எம்பெருமானுக்கு இயல்பாய் அமைந்தது. நம்போன்ற மானிடர்க்கு அது வாய்க்குமோ என்னும் ஐயம் எழலாம். அதற்கு விடையாக வாழ்ந்து காட்டியவர் ஒருவர், அதே திருமாலிருஞ்சோலையில் கண்ணிழந்த நிலையில் சில ஆண்டுகள் எழுந்தருளியிருந்தார். அவரே கூரத்தாழ்வான். அவருடைய திவ்ய சரிதத்தைக் குருபரம்பரை நூல்கள் கூறும் வழியே நின்று, அவர் எவற்றை விட்டார், விட்டதனால் எவரை உயர்த்தினார் என்பதை அடியேன் அறிந்த அளவில் இங்கு விண்ணப்பிக்கிறேன்.

'எனதன்று' என்னும் சொல்

சரிதத்துக்குள் புகுமுன் ஒரு சொல்லாராய்ச்சி தேவைப்படுகிறது. ஹோமத்தில் ஒவ்வோர் ஆஹுதியையும் அக்னியில் சேர்த்தவுடன், இது இன்ன தேவதைக்குரியது, எனதன்று என்று யஜமானன் சொல்லவேண்டும் என்பது விதி. நெய் அக்னியில் விழுந்து எரிந்துபோன பின்னும் அச்சொல் சொல்லப்பட்டாலன்றி அக்கிரியை நிறைவுறாது. பொருள் கையை விட்டுப் போவது ஒன்று. 'எனது' என்னும் எண்ணம் நெஞ்சை விட்டுப் போவது மற்றொன்று. இரண்டாவதற்கே தியாகம் என்று பெயர். 'த்யஜ்' என்னும் தாதுவுக்கு விடுதல் என்பது பொருள்.

திருமந்திரத்தின் நடுவே நிற்கும் 'நம:' என்னும் பதத்தையும் நம் ஆசார்யர்கள் இவ்வாறே பிரித்துப் பொருளுரைத்தனர். 'ம' என்பது 'எனது', 'ந' என்பது 'அன்று'. நான் எனக்கு உரியவனல்லேன், என்னுடையவை எனப்படுபவையும் எனக்கு உரியவையல்ல என்பது அதன் திரண்ட பொருள். 'மம' என்னும் இரண்டெழுத்து மரணமென்றும், 'ந மம' என்னும் மூன்றெழுத்து அழிவற்ற நிலையென்றும் மஹாபாரதமும் பேசுகிறது.

விட்டுவிடுதலோடு இது முடிவதில்லை. 'உத்தாரம்' என்றொரு சொல் உண்டு. 'உத்' என்பது மேல்நோக்கி என்று பொருள்படும். மேலே தூக்கியெடுத்தல் என்பதே உத்தாரம். கிணற்றில் விழுந்தவனைத் தூக்க வருபவன் கையில் மூட்டை முடிச்சுகள் இருந்தால் எங்ஙனம் தூக்குவான்? கை வெறுமையானால்தான் பிறர் கையைப் பற்றலாகும். த்யாகமும் உத்தாரமும் ஒன்றையொன்று தொடர்ந்து வரும் என்பதற்குக் கூரத்தாழ்வானின் வாழ்வே உரையாகும்.

செல்வத்தை விட்டது

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் என்னும் ஊரில், ஸௌம்ய வருடம் தை மாதம் ஹஸ்த நட்சத்திரத்தில், அதாவது கி.பி. 1010-ஆம் ஆண்டில் இவர் அவதரித்தார் என்பது மரபு. ஸ்ரீவத்ஸாங்கர் என்பது திருநாமம். எம்பெருமானார் ராமாநுஜர் அவதரித்தது 1017-ஆம் ஆண்டு. எனவே சீடர் ஆசார்யனைக் காட்டிலும் ஏழாண்டு மூத்தவர் என்பது தேறும். வயதில் இளையவரிடம் சென்று தெண்டனிட்டு நிற்பதற்கே எத்துணை விட்டாக வேண்டும் என்பதை வீட்டில் மூத்தவராக இருப்போர் அனைவரும் அறிவர்.

கூரத்துத் தலைவராக இருந்த இவரது மாளிகையில் விடியற்காலை முதல் நள்ளிரவு வரை அன்னதானம் நடைபெற்றது. இரவில் அம்மாளிகையின் பெருங்கதவுகள் சாத்தப்படும் ஒலி காஞ்சியில் பெருந்தேவித் தாயாரின் திருச்செவியில் விழுந்தது என்றும், அஃதென்ன ஒலி என்று தாயார் வினவியதாகவும், திருக்கச்சிநம்பி மூலம் இச்செய்தியை அறிந்ததாகவும் சொல்வர். வேறொருவராயின் தம் புகழ் தாயாரின் திருச்செவி வரை எட்டியதே என்று மகிழ்ந்திருப்பர். ஆழ்வானோ வெட்கினார். தானம் செய்தோம் என்னும் எண்ணமே தமக்கொரு செல்வமாய்ச் சேர்ந்துவிட்டதைக் கண்டுகொண்டார். இருந்தவற்றையெல்லாம் வழங்கிவிட்டுத் தம் தேவிகளான ஆண்டாளுடன் திருவரங்கம் நோக்கிப் புறப்பட்டார்.

வழியில் காடு. இருள் சூழ்ந்தது. "இங்கு ஏதேனும் பயமுண்டோ?" என்று ஆண்டாள் வினவினாள். "மடியில் கனமிருந்தாலன்றோ வழியில் பயம்? உன்னிடம் ஏதேனும் உள்ளதோ?" என்றார் ஆழ்வான். தேவரீர் அமுது செய்வதற்கென்று ஒரு பொன்வட்டிலை மட்டும் எடுத்து வந்தேன் என்று அவள் தெரிவிக்க, அதனை வாங்கிக் காட்டில் எறிந்துவிட்டு, இனி அச்சமின்றி நடக்கலாம் என்றார்.

அன்பர்களே, இந்நிகழ்ச்சியில் ஆண்டாளைக் குறைவாக எண்ணிவிடலாகாது. அவ்வட்டில் அவள் தனக்காகக் கொண்டுவந்ததன்று. அன்பினால் கொண்டுவந்தது. நாமும் பெரியவற்றை விட்டுவிட்டு, பாசத்தின் பெயரால் சிறியதொன்றை மடியில் முடிந்துகொள்கிறோம். அந்தச் சிறியதே இரவெல்லாம் நம்மை உறங்கவிடாது செய்கிறது. ஒருகாலத்தில் ஊருக்கே அன்னமளித்தவர் பின்னர்த் திருவரங்கத்தில் உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தார்.

கல்விச் செருக்கை விட்டது, உண்மையை விடாதது

செல்வத்தை விடுவதினும் கல்வியால் வரும் செருக்கை விடுவது அரிது. வேதம் ஓதிய எம்போன்றோர்க்கு இது மிகவும் பொருந்தும்.

ஸ்ரீபாஷ்யம் அருளிச்செய்யும் பொருட்டு, போதாயன வ்ருத்தி என்னும் பழைய உரையைக் காண எம்பெருமானார் காஷ்மீர தேசம் சென்றபோது ஆழ்வானும் உடன் சென்றார். கிடைத்த ஏட்டை அங்குள்ளோர் வழியிலேயே திரும்பப் பறித்துச் சென்றுவிட, ஆசார்யன் மனம் வருந்தினார். அப்போது ஆழ்வான், இரவு நேரங்களில் தேவரீர் கண்வளர்ந்தருளும்போது அடியேன் அதனை முழுதும் நோக்கி உள்ளத்திற்கொண்டேன் என்று விண்ணப்பித்தார். இத்தகைய பேரறிவாளர் தம் பெயரில் ஒரு பாஷ்யம் செய்யவில்லை. எம்பெருமானார் சொல்லச் சொல்ல எழுதும் பணியையே ஏற்றார்.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் கவனிக்கற்பாலது. எழுதிவருகையில், ஜீவனுடைய இயல்பை அறிபவன் என்னும் அளவில் மட்டும் ஆசார்யன் சொல்ல, எம்பெருமானுக்கு அடிமைப்பட்டவன் என்னும் சேஷத்வம் விடுபட்டதைக் கண்டு ஆழ்வான் எழுத்தாணியை நிறுத்திவிட்டார். எம்பெருமானார் சீற்றங்கொண்டு, அப்படியானால் பாஷ்யத்தை நீரே எழுதிக்கொள்ளும் என்று எழுந்துவிட்டார். ஆழ்வான் எதிர்வாதம் செய்யவில்லை. பட்ட அவமானத்தைப் பிறரிடம் சொல்லிப் புலம்பவுமில்லை. உடைமையை அதன் சொந்தக்காரர் எப்படியும் செய்துகொள்ளலாம், எனக்கென்ன என்றிருந்தார். பின்னர் ஆசார்யன் ஆராய்ந்து, ஆழ்வான் நிறுத்தியதே சரியென்று கொண்டு, அவ்வண்ணமே எழுதச் செய்தார்.

விட்டுக்கொடுத்தல் என்றால் எதற்கும் தலையாட்டுவது என்று பலர் கருதுகின்றனர். ஆழ்வான் தம் மானத்தை விட்டார். தாம் உண்மையென்று உணர்ந்ததை விடவில்லை. தமக்காக வாதிடாமலும், உண்மைக்காக எழுத்தாணியை ஓட்டாமலும் இருந்தார். எதை விடுவது, எதை விடலாகாது என்று பகுத்தறிவதே விவேகமாகும்.

கண்ணை விட்டது, திருமாலிருஞ்சோலை புக்கது

அக்காலத்துச் சோழ மன்னன் ஒருவன், தன் சமயமே மேலானதென்று எல்லா வித்வான்களும் ஓலையில் கையொப்பமிடவேண்டும் என்று கட்டளையிட்டான். நாலூரான் என்னும் அமைச்சன், ஏனையோர் கையொப்பமிட்டுப் பயனில்லை, ராமாநுஜரும் கூரத்தாழ்வானும் இடவேண்டும் என்று மன்னனுக்கு எடுத்துரைத்தான். படர்ந்து வந்த ஆபத்தை உணர்ந்த ஆழ்வான், ஆசார்யனின் காஷாயத்தைத் தாம் தரித்து, அவரை மேற்குத் திசைக்கு அனுப்பிவைத்து, ராமாநுஜராகத் தாமே அரசவை புகுந்தார். முதியவரான பெரியநம்பியும் உடன் சென்றார். கையொப்பமிட மறுத்தமையால் இருவரும் கண்களை இழந்தனர். பெரியநம்பி திரும்பும் வழியிலேயே பரமபதித்தார். சமயக் காழ்ப்பு எப்பக்கத்தில் தோன்றினும் கொடிதேயாம் என்பதன்றி, இதனைக்கொண்டு இன்று எவரிடத்தும் பகை பாராட்டுவது ஆழ்வானுக்கே ஒவ்வாதது என்பதைப் பின்வரும் பகுதி காட்டும்.

கண்ணிழந்த ஆழ்வான் திருவரங்கம் திரும்பிக் கோயில் வாசலுக்குச் சென்றார். ராமாநுஜரைச் சேர்ந்தோரை உள்ளே விடலாகாது என்று அரசாணை இருந்தது. ஒருவன் தடுத்தான். மற்றொருவன், இவர் எல்லார்க்கும் நல்லவர், இவரைத் தடுக்கவேண்டா என்றான். இதைக் கேட்ட ஆழ்வான், என் நற்குணங்கள் ஆசார்ய ஸம்பந்தத்துக்கு வேறாக எண்ணப்படுமாயின் அந்நற்குணங்களும் எனக்கு வேண்டா, அவற்றால் கிடைக்கும் பெருமாள் சேவையும் வேண்டா என்று திரும்பிவிட்டார். நல்லவன் என்னும் பெயரைக்கூட விட்டவர் இவர்.

அதன்பின் குடும்பத்தோடு அவர் வந்து தங்கிய இடமே நம் திருமாலிருஞ்சோலை. சோலையின் பசுமையைக் காணக் கண்ணில்லை. ஸோமச்சந்த்ர விமானத்தை நோக்கக் கண்ணில்லை. பெயரே அழகன் என்றிருப்பவனின் வடிவழகைப் பருகக் கண்ணில்லை. ஆயினும் 132 சுலோகங்களால் அமைந்த ஸுந்தரபாஹு ஸ்தவத்தை அங்குதான் அவர் அருளிச்செய்தார். ஸுந்தரபாஹு என்றால் அழகிய தோள்களையுடையவன். மலையையும் சோலையையும் ஆற்றையும் எம்பெருமானின் திருமேனியையும் அதில் வருணிக்கிறார். அவர் அருளிய பஞ்சஸ்தவங்களுள் அதுவும் ஒன்று. அதை ஓதும்போதெல்லாம், இரு கண்ணும் உடைய நாம் ஸந்நிதியில் நின்றுகொண்டே எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அடியேனுக்கு நாணம் உண்டாகும்.

நாலூரானுக்காக வேண்டியது

மன்னன் மாண்ட பின் எம்பெருமானார் மேல்நாட்டிலிருந்து திருவரங்கம் மீண்டார். ஆழ்வானும் திருமாலிருஞ்சோலையிலிருந்து சென்று சேர்ந்தார். கண்ணிழந்த சீடரைக் கண்டு ஆசார்யன் கலங்கினார். பேரருளாளன் வேண்டுவோர்க்கு வேண்டுவன வழங்குபவன், அவனைத் துதித்துக் கண்ணைப் பெறுவீராக என்று கட்டளையிட்டார். ஆழ்வான் வரதராஜ ஸ்தவத்தை அருளிச்செய்தார். திருவுள்ளம் உகந்த எம்பெருமான், வேண்டுவது யாது என்று வினவியருளினான்.

ஆழ்வான் வேண்டினார்: அடியேன் பெறும் பேற்றினை நாலூரானும் பெறவேண்டும்.

அன்பர்களே, இதனை விரைந்து படித்துச் சென்றுவிடவேண்டா. எவன் சொல்லால் தம் கண்கள் போயினவோ, எவன் காரணமாகப் பெரியநம்பி உயிர் நீத்தாரோ, அவனுக்காக இவ்வேண்டுகோள். நாலூரான் செய்தது தவறன்று என்று ஆழ்வான் சொல்லவில்லை. அவன் செய்தது கொடுமையே. அக்கொடுமையால் அவன் எங்கு விழப்போகிறான் என்பதை உணர்ந்தமையாலேயே அவனுக்குக் கைகொடுக்க முற்பட்டார். தமக்குத் தீங்கிழைத்தவனை மன்னித்தல் ஒருபடி. அவனைத் தமக்கு நிகரான நிலைக்கு உயர்த்தவேண்டுதல் அதற்கும் மேலான படி. பொன்வட்டிலைக் காட்டில் எறிந்த கை, பகையையும் எறிந்துவிட்டது. வெறுமையான அந்தக் கைதான் நாலூரானைப் பற்றித் தூக்கியது.

இவ்வாறு விட்டவர் பெற்றது என்ன? ஆழ்வான் தமக்கு மோக்ஷம் வேண்டியபோது, உமக்கும் உம்மோடு ஸம்பந்தமுடையார் அனைவர்க்கும் தந்தோம் என்று திருவரங்கநாதன் அருளினான். அச்செய்தி கேட்ட எம்பெருமானார் தம் காஷாயத்தை மேலே எறிந்து கூத்தாடினார். ஆழ்வானோடு ஸம்பந்தம் உள்ளமையால் தமக்கும் பேறு நிச்சயம் என்று மகிழ்ந்தாராம். சீடரால் ஆசார்யனே தாம் உயர்ந்ததாகக் கொண்டாடினார் எனின், அதனினும் பெரிய பேறு ஒன்றுண்டோ?

நம் மதுரையில் நடந்தது

இவையெல்லாம் ஆயிரமாண்டுப் பழங்கதை என்று கொள்ளற்க. திருமந்திரப் பொருளை 18 முறை நடந்து சென்று பெற்ற எம்பெருமானார், அதைத் திருக்கோட்டியூரில் ஆசையுடையோர்க்கெல்லாம் வெளியிட்டார். அந்த ஊர் இப்பாண்டி நாட்டில்தான் உள்ளது. பெரியநம்பி, குலத்தால் தாழ்ந்தவர் என்று உலகம் ஒதுக்கிய மாறனேரி நம்பிக்குத் தாமே முன்னின்று ஈமக்கடன் செய்தார். அதனால் தம் உறவினரின் வெறுப்பையும் ஏற்றார். மாறனேரி நம்பி பிறந்ததும் பாண்டி நாட்டிலேதான்.

நம் காலத்தை அடுத்தும் இந்நகரில் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள், மதுரை வழக்கறிஞர் அ. வைத்தியநாத ஐயர், கோயிலுக்குள் அதுவரை அனுமதிக்கப்படாதிருந்த அடியார் சிலரை உடன் அழைத்துக்கொண்டு மீனாக்ஷியம்மன் ஸந்நிதிக்குச் சென்றார். பிற்காலத்தில் தமிழக அமைச்சராக விளங்கிய, மேலூரை அடுத்த தும்பைப்பட்டி கக்கன் அவர்களும் அவருள் ஒருவர். கோயில் நிர்வாகியாக இருந்த ஆர்.எஸ். நாயுடு இதற்குத் துணைநின்றார். அதே ஆண்டில் ராஜாஜியின் அரசு இதற்குச் சட்டப் பாதுகாப்பும் அளித்தது.

ஐயர் அதனால் அடைந்த லாபம் எதுவுமில்லை. தம் ஸமூகத்தாரில் பலருடைய கடுஞ்சினத்துக்கு ஆளானார். அர்ச்சகர்களுள்ளும் ஒரு சாரார் அன்று எதிர்த்து நின்றனர். அடியேனும் அர்ச்சகனாதலின் இதனை மறைப்பது தகாது. எம் முன்னோர் சாஸ்திரம் காப்பதாக எண்ணினர். ஆனால் அவர்கள் காத்தவற்றுள் சாஸ்திரம் எவ்வளவு, 'எமது' என்னும் மமகாரம் எவ்வளவு என்று இன்று பிரித்துப் பார்க்கும் கடமை எமக்குண்டு. கதவு திறந்ததனால் அம்மையின் ஸாந்நித்யம் குறையவில்லை. சேவிக்கும் கண்களே பெருகின.

அடியேன் கற்ற பாடம்

பிறரைப் பற்றியே பேசிவிட்டு எழுத்தை முடிப்பது எளிது. அடியேனுடைய குற்றம் ஒன்றையும் இங்கு விண்ணப்பிக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு கோயிலில் உத்ஸவ காலத்து முறை ஒன்று அடியேனுக்கு வரவேண்டியிருக்க, அது அடியேனுடைய சிற்றப்பாவின் குமாரருக்குக் கொடுக்கப்பட்டது. அவர் அதைக் கேட்டுப் பெறவில்லை. ஆயினும் அன்றுமுதல் அவரோடு பேசுவதை அடியேன் நிறுத்திக்கொண்டேன். ஒரே பாடசாலையில், ஒரே பாயில் அமர்ந்து ஓதியவர்கள் நாங்கள்.

ஓராண்டு, கூரத்தாழ்வான் திருநக்ஷத்திரத்தன்று ஸுந்தரபாஹு ஸ்தவம் அனுஸந்தானம் ஆகிக்கொண்டிருந்தது. கோஷ்டியில் அவர் முன்னின்று சொல்லிவந்தார். இடையில் ஒரு சுலோகத்தின் தொடக்கம் அவருக்கு மறந்துவிட்டது. ஒரு கணம் நின்றார். இருமினார். முந்தைய சுலோகத்தையே மீண்டும் சொல்லிப் பார்த்தார்; வரவில்லை. ஸேவார்த்திகள் அனைவரும் அவரையே நோக்கினர். அச்சுலோகம் அடியேனுடைய நாவின் நுனியில் இருந்தது. முதற்பதத்தை எடுத்துக்கொடுத்திருந்தால் போதும். அடியேன் எடுத்துக்கொடுக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு சிறுபிள்ளை, நாங்கள் கற்பிக்கும் வித்யார்த்தி, அப்பதத்தை உரக்கச் சொன்னான். கோஷ்டி மேலே சென்றது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. பகைவனுக்குப் பரமபதத்தையே வேண்டியவருடைய திருநாளில், அவர் அருளிய சுலோகத்தையே, உடன்பிறந்தார் போன்ற ஒருவருக்கு ஒரு பதமளவும் கொடுக்க மனமில்லாது போயிற்று. அடியேன் மடியில் இருந்த பொன்வட்டில் இன்னதென்று அன்றுதான் அறிந்தேன்.

விடிந்ததும் அவர் இல்லத்துக்குச் சென்றேன். திண்ணையில் அமர்ந்திருந்தவர் பதறி எழுந்தார். "அண்ணா, தேவரீர் எழுந்தருள வேண்டுமோ? சொல்லியனுப்பியிருந்தால் அடியேன் வந்திருப்பேனே" என்றார். அடியேன் கொண்டுசென்ற சொற்கள் அனைத்தும் அதன்முன் பயனற்றுப் போயின. நேற்று எனக்கு அந்தப் பதம் தெரிந்திருந்தது என்று மட்டும் சொன்னேன். அவர் சற்றுநேரம் மௌனமாயிருந்தார். "தெரிந்திருக்கும் என்று அடியேனும் அறிவேன், அண்ணா. உள்ளே வாருங்கள், தீர்த்தம் சாப்பிடலாம்" என்றார்.

இன்று அவருடைய குமாரன் அடியேனிடம் திருவாராதன க்ரமமும் ஸ்தவங்களும் கற்றுவருகிறான். அவன் குரல் அடியேனுடையதைக் காட்டிலும் இனியது. அதைக் கேட்கையில் முன்பிருந்த அடியேனாயின் வருந்தியிருப்பேன். இப்போது அது மகிழ்ச்சியாயிருக்கிறது. எப்போதும் அப்படி இருக்கிறதென்று சொன்னால் பொய்யாகும். சில நாட்களில் பழைய குணம் எட்டிப்பார்க்கும். அப்போது 'எனதன்று' என்னும் சொல்லை மீண்டும் சொல்லிக்கொள்கிறேன். ஆஹுதி ஒவ்வொன்றுக்கும் அதைச் சொல்லவேண்டும் என்றுதானே விதி!

அன்பர்கள் மேற்கொள்ளத்தக்கவை

விழாவுக்கு வந்துள்ள அன்பர்கள் காட்டுக்குள் பொன்னை எறியவேண்டியதில்லை. இங்கேயே, இத்திருவிழாக் கூட்டத்திலேயே செய்யத்தக்கவை உள.

முன்வரிசையில் இடம் கிடைத்தால், ஒருமுறை சேவித்துவிட்டுப் பின்னால் நிற்கும் முதியவருக்கு அவ்விடத்தை விட்டுக்கொடுக்கலாம். தோளில் ஏறிப் பார்க்கத் தவிக்கும் பிறர் குழந்தையையும் தூக்கிக் காட்டலாம். நமக்குத் தெரிந்த ஒரு பாசுரத்தையோ, ஒரு தொழிலையோ, ஓர் எழுத்தையோ தெரியாதவருக்கு ஒளிக்காமல் கற்றுத்தரலாம். அவர் நம்மை மிஞ்சிவிட்டால் அதனைக் குருதக்ஷிணையாகக் கொள்ளலாம். கோயில் மரியாதைகளில் முதலில் பெறுவதா, பின்னர்ப் பெறுவதா என்னும் வழக்கை இவ்வாண்டேனும் கைவிடலாம்.

இவையனைத்தினும் மேலாக, பேச்சு நின்றுபோன உறவினர் ஒருவர் நம் அனைவர்க்கும் இருப்பர். பங்காளி, சம்பந்தி, அண்டைவீட்டார் எவராயினும் ஆகுக. அழகர் மலைக்குத் திரும்புமுன் அவர் வாசலுக்கு ஒருமுறை சென்றுவருக. முதலில் செல்பவர் தாழ்ந்துவிடுவதில்லை. மலையை விட்டு நம் வாசலுக்கு எழுந்தருளும் எம்பெருமான் தாழ்ந்துவிட்டானா என்ன?

ஆழ்வான் பரமபதத்துக்கு முற்படுகையில், எமக்கு முன்னே செல்வது ஏன் என்று எம்பெருமானார் வினவினார். தேவரீர் அங்கு எழுந்தருளும்போது எதிர்கொண்டு அழைக்க அடியார் முன்னே இருக்கவேண்டாவோ என்று ஆழ்வான் விடையளித்தாராம். தல்லாகுளத்தில் எதிர்சேவைக்கு நிற்கும்போது இவ்வார்த்தையை அன்பர்கள் நினைவுகூர்வார்களாக. கை வெறுமையாய், நெஞ்சு கனமின்றி நின்று அழகரை எதிர்கொள்ளும் பாக்கியம் நம் அனைவர்க்கும் வாய்க்குமாறு ஸ்ரீ ஸுந்தரவல்லித் தாயார் ஸமேத ஸ்ரீ ஸுந்தரராஜன் திருவடிகளைப் பிரார்த்திக்கிறேன்.

அடியேன் ராமாநுஜ தாசன்.

சுபம்.